சட்டப் பிரிவிலிருந்து டெஸ்ட் கேஸ் வரை

சாஃப்ட்வேர் பின்பற்ற வேண்டிய சட்டப் பிரிவு கைக்கு வந்ததும் கோடு (code) எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் போடுங்கள்: யார் செய்ய வேண்டும், யாருக்கு, எத்தனை நாளுக்குள், விலக்கு என்ன. இதில் ஒன்று பிடிபடாவிட்டாலும் வக்கீலிடம் போங்கள். “இது சட்டப்படி சரியா?” என்று கேட்டால் வரும் பதிலை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. “இன்று ஒருவர் கணக்கை மூடினால், நாளை அவருடைய எந்தெந்தத் தகவல் நம்மிடம் இருக்கலாம்?” என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் டெஸ்ட் கேஸ், அதாவது சாஃப்ட்வேர் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் நிபந்தனை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. என் தகவலை அழியுங்கள் என்று கேட்கும் உரிமையை அதன் 17-ஆவது பிரிவு தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். டேட்டாபேஸில் டெலீட் போட்டால் வேலை முடியாது. அதே பெயரும் மின்னஞ்சலும் லாக் ஃபைல் (நடந்ததையெல்லாம் பதியும் கோப்பு), சர்ச் இன்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்), மெயில் அனுப்பித் தரும் வெளி நிறுவனம் என்று சிதறிக் கிடக்கும். தகவல் போய்ச் சேரும் இடங்களின் பட்டியல் கையில் இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள்.

பேக்கப் (காப்பு நகல்)தான் பெரிய வில்லங்கம். போன வாரப் பேக்கப்பை இன்று ரீஸ்டோர் செய்தால் (மீட்டெடுத்தால்), நேற்று அழித்த கணக்கு மறுபடி முளைத்துவிடும். அழித்த கணக்குகளின் எண்களை மட்டும் தனியே வைத்திருந்து, ரீஸ்டோர் முடிந்த கையோடு திரும்ப அழியுங்கள். இதை யாருடைய ஞாபகத்துக்கும் விடாமல் ரீஸ்டோர் ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

பில்லைச் சில ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லும் வரிச் சட்டமும் இருக்குமே? சட்டக் கடமைக்கு 17-ஆவது பிரிவே விலக்கு தருகிறது. பில்லை வேறு டேபிளுக்கு மாற்றி, எந்தச் சட்டத்துக்காக, எந்தத் தேதி வரை என்று இரண்டு ஃபீல்டு வையுங்கள். கெடு முடிந்ததும் அது தானாக அழிய வேண்டும்.

ஒப்புதல் கேட்கும்போது, நாமே டிக் போட்டு வைத்த செக்பாக்ஸ் செல்லாது. குக்கீ (உலாவியில் இணையதளம் சேமித்து வைக்கும் சிறு தகவல்) வழக்கொன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. எந்த வாசகத்தைப் படித்துச் சம்மதித்தார் என்பதையும் தேதியோடு சேமியுங்கள்.

சட்டம் வாய் திறக்காத இடங்களில்தான் எனக்குக் கவலை அதிகம். இறந்துபோனவரின் பெயரைப் போட்டு “இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள்” என்று அவர் மகளுக்கு நோட்டிஃபிகேஷன் போனால் நமக்கு அபராதம் வராமல் போகலாம். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய வலி! குடும்பத்தார் தெரிவிக்க ஒரு வழி கொடுங்கள்; தெரிவித்ததும் அந்தக் கணக்கில் ஒரு குறி போடுங்கள். நினைவூட்டல் அனுப்பும் ஒவ்வொரு ஜாபும் (தானாக ஓடும் புரோகிராமும்) அந்தக் குறியைப் பார்த்துவிட்டே ஓடட்டும். அதற்கும் டெஸ்ட் எழுதுங்கள். அது ஃபெயில் ஆனால் ரிலீஸ் போகக் கூடாது.