டெபியன் நிறுவல் கையேட்டைத் திருத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

டெபியன் இயங்குதளத்தை நிறுவிப் பழகியவர்கள் அதன் நிறுவல் கையேட்டைத் திறப்பதே இல்லை. முதன்முறை நிறுவுகிறவரோ எங்காவது தடுக்கி விழுந்தால் தனக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுகிறார். கையேட்டுக் குறைகள் நெடுநாள் தங்கிவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே, இன்னும் டெபியனை நிறுவியிராத ஒருவர் அக்கையேட்டைத் திருத்துவதற்குத் தகுதி குறைந்தவர் அல்லர். ஒரே ஒருமுறை மட்டுமே வாய்க்கும் புதிய பார்வை அவரிடம்தான் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எளிய ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் எழுத வந்தால் போதும்.

படி 1: கையேட்டை மட்டும் நம்பி நிறுவுங்கள்

உங்கள் அன்றாடக் கணினியில் இதை நேரடியாகச் செய்ய வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளில், 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் கொண்ட மெய்நிகர் கணினி (உங்கள் கணினிக்குள் தனிக் கணினிபோல் இயங்குவது) ஒன்றை உருவாக்கி, டெபியன் தளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பைக் கொண்டு அதைத் தொடங்குங்கள். பக்கத்தில் கையேடு திறந்திருக்கட்டும். டெபியனின் நிறுவியில் (நிறுவலை நடத்தும் நிரலில்) தமிழையும் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் தமிழ் எழுத்துகள் வரைகலை முறையில்தான் தெரியும். இந்தப் பயிற்சிக்கு மட்டும் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனெனில் திரையில் உள்ள சொற்களும் ஆங்கிலக் கையேட்டில் உள்ள சொற்களும் ஒத்துப்போகின்றனவா என்று நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒரே ஒரு விதி: எங்கே தடைபட்டாலும் இணையத்தில் தேடாதீர்கள். தேடிய நொடியிலேயே கையேட்டில் எது இல்லை என்பது உங்களுக்கு மறந்துபோகும். அதற்குப் பதிலாக, கையேட்டின் எந்தப் பகுதியில் இருந்தீர்கள், திரை என்ன கேட்டது, நீங்கள் எதை ஊகித்துச் செய்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகம் சரியாக அமைந்துவிட்டாலும் குறிக்கத் தவறாதீர்கள், ஏனெனில் உங்களுக்குக் கைகொடுத்த ஊகம் அடுத்தவருக்குக் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

படி 2: குறிப்புகளைப் பிரித்துப் பாருங்கள்

சில குறைகள் காலம் கடந்த செய்திகளாக இருக்கும். வன்பொருளை இயங்கவைக்கும் ஃபர்ம்வேர் கோப்புகளைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் சரியான அறிவுரை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்க்கப்படுகின்றன. அவ்வாறே, 2025-இல் வந்த டெபியன் 13-இல் பழைய 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் இந்த இரு மாற்றங்களை அறியாதவை.

வேறு சில குறைகளில் செய்தி சரியாகவே இருக்கும். இடம்தான் தவறாக இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் எழுதும்போது, அதன் ஒரு பகுதிப் பிரிவில் எழுதாமல் முழுச் சாதனத்தின் மீதும் எழுத வேண்டும். சாதனப் பெயரைத் தவறாகக் கொடுத்தால், கணினியின் உள்வட்டில் உள்ளவை அழிந்துபோகும். இந்த எச்சரிக்கை கட்டளைக்குக் கீழே இருந்தால் அதனால் பயனில்லை. படிப்பவர் கட்டளையைக் கண்டவுடன் தட்டச்சு செய்துவிடுவார். எச்சரிக்கைக்கு வரும்போது வட்டு போயிருக்கும்.

படி 3: முன்பே திருத்திவிட்டார்களா என்று பாருங்கள்

வெளியான பதிப்பின் கையேடு ஒன்று, அடுத்த பதிப்புக்காக உருவாகிக்கொண்டிருப்பது இன்னொன்று. இரண்டாவதில் உங்கள் குறை தீர்ந்திருக்கலாம். குறைகளைப் பதிவுசெய்யும் டெபியனின் வழுப் பட்டியலில் 'இன்ஸ்டலேஷன்-கைடு' (installation-guide) என்ற பொதியின் (மென்பொருள் தொகுப்பின்) பெயரில் உள்ள அறிக்கைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் ஓர் இடத்தையே எடுத்துக்கொள்வோம். நிறுவி, ரூட் கணக்குக்கு, அதாவது எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகக் கணக்குக்கு, கடவுச்சொல் கேட்கிறது. அங்கே கடவுச்சொல் கொடுத்தால், ரூட் கணக்கு இயங்கும். ஆனால் நீங்கள் அடுத்து உருவாக்கும் சாதாரணப் பயனருக்குச் சூடோ உரிமை, அதாவது தன் கணக்கிலிருந்தே நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் உரிமை, கிடைக்காது. அந்த இடத்தைக் காலியாக விட்டால், ரூட் கணக்கின் கடவுச்சொல் பூட்டப்பட்டு, அந்த முதல் பயனர் சூடோ குழுவில் சேர்க்கப்படுவார். காலியாக விடுவது கவனக்குறைவு என்று பழகியவர்கள் பொறுப்புணர்வோடு ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, நிறுவி முடித்த முதல் நாளே சூடோ கட்டளை தங்களை மறுப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். நிறுவியின் திரையிலேயே இதற்கான விளக்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் விளைவு இருபது நிமிடம் கழித்து, வேறொரு திரையில், வேறொரு சொல்லில் வெளிப்படுவதால் இரண்டையும் இணைத்துப் பார்க்கப் புதியவரால் முடிவதில்லை.

இத்தகைய இடத்தில் "உங்கள் தேவைக்கேற்ப ரூட் கடவுச்சொல்லை அமைக்கவும்" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. தன் தேவை எது என்று தெரியாமல்தானே அவர் கையேட்டைத் திறந்தார்! நான் எழுதினால் இவ்வாறு எழுதுவேன்: "இக்கணினியை நீங்கள் ஒருவரே பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், இந்த இடத்தைக் காலியாக விடலாம், அடுத்த திரையில் உருவாக்கும் பயனரே சூடோ மூலம் நிர்வாகப் பணிகளைச் செய்யலாம். இங்கே கடவுச்சொல் கொடுத்தால், அப்பயனருக்குச் சூடோ உரிமை இராது. பின்னர் தேவைப்பட்டால், ரூட்டாக நுழைந்து அவரைச் சூடோ குழுவில் சேர்க்க வேண்டும்." ஒவ்வொரு தேர்வுக்கும் அதன் விளைவு உடனுக்குடன் சொல்லப்பட்டிருப்பதையும், தவறாகத் தேர்ந்தவர் மீளும் வழி கடைசியில் இருப்பதையும் கவனியுங்கள்.

படி 5: மூலக்கோப்பில் மாற்றுங்கள்

கையேட்டின் மூலக்கோப்பு டாக்புக் எக்ஸ்எம்எல் என்னும் குறிகளிட்ட உரை வடிவில், சால்சா என்னும் டெபியனின் கிட்லேப் தளத்தில் (பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்தும் தளத்தில்) இருக்கிறது. பத்திகளைச் சுற்றியுள்ள குறிகளைத் தொடாமல், இடையிலுள்ள சொற்களை மட்டும் மாற்றுங்கள். சில பத்திகளில், குறிப்பிட்ட கணினி வகைக்கு மட்டும் உரியவை என்னும் அடையாளம் இருக்கும். அதை நீக்கினால், அப்பத்தி எல்லா வகைக் கையேட்டிலும் தோன்றிவிடும்.

கை துறுதுறுத்தாலும், தொடர்பில்லாத வாக்கியங்களை அழகுபடுத்தப் புகாதீர்கள். பல மொழிபெயர்ப்புகள், ஆங்கிலப் பத்தியையும் அதன் மொழிபெயர்ப்பையும் இணையாக வைக்கும் பிஓ கோப்புகளாகப் பராமரிக்கப்படுகின்றன. ஆங்கிலப் பத்தியில் ஒரு காற்புள்ளி மாறினாலும், ஒவ்வொரு மொழியிலும் அப்பத்தி மறுபார்வைக்கு வந்து நிற்கும். மற்ற இயங்குதளங்களின் கையேடுகளிலிருந்து பத்திகளை எடுத்து ஒட்டுவதும் கூடாது. டெபியன் கையேடு குனு பொது உரிமத்திலும் ஆர்ச் லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளத்தின் விக்கி குனு கட்டற்ற ஆவண உரிமத்திலும் உள்ளன. இரண்டையும் கலக்க இயலாது.

படி 6: அனுப்புங்கள்

சால்சாவில் கணக்கு இருந்தால், இணைப்புக் கோரிக்கையாக (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாக) அனுப்பலாம். இல்லையேல், ரிப்போர்ட்பக் கருவியின் மூலமோ மின்னஞ்சலிலோ வழு அறிக்கை அனுப்பலாம். அந்த அறிக்கையும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகும் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். ஓர் அறிக்கையில் ஒரு குறை மட்டுமே இருக்கட்டும்: எந்தப் பகுதி, படித்தபின் நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, நீங்கள் முன்வைக்கும் வாக்கியம் எது என்பன போதும். "கையேடு குழப்பமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால், பராமரிப்பவர் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால், மறுமொழி வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்த மெய்நிகர் கணினியை அழிக்காமல் வைத்திருங்கள். எந்தத் திரையில் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்ல வேண்டியிராது. நிறுவியின் பதிவுக் கோப்புகள் அக்கணினியிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.