செடி நோய் பாக்டீரியாக்களின் மரபணுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"செடி எதிர்க்கத் தொடங்கியதும் பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டது." பயிர் நோய்களைப் பற்றிப் படிக்கும்போது இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். இந்த ஒரு வரியிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன. பாக்டீரியா எதையும் திட்டமிடுவதில்லை. இலைக்குள் பெருகும் ஏராளமான செல்களில் கொஞ்சம் வேறுபட்டவையும் இருக்கும். எதிர்ப்புள்ள செடியில் அவைதான் தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன. இரண்டாவது தவறு, மாற்றம் என்றாலே டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறும் திடீர்மாற்றம் என்று எடுத்துக்கொள்வது. நோய் உண்டாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் அப்படி எழுத்தெழுத்தாக நகர்வதில்லை, மூட்டையாகவே கைமாறுகின்றன.

அக்ரோபாக்டீரியத்தைப் பாருங்கள். செடியின் தண்டடியில் கழலை உண்டாக்கும் மரபணுக்கள் அதன் முதன்மைக் குரோமோசோமில் இல்லை, டிஐ எனப்படும் தனி பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையத்தில், இருக்கின்றன. பிளாஸ்மிட்டை இழந்த அதே பாக்டீரியாவால் கழலையை உண்டாக்க முடியாது. கழலைக்குள் சுரக்கும் ஓபைன் என்ற உணவைப் பயன்படுத்தும் மரபணுக்களும் அதே பிளாஸ்மிட்டில்தான் இருக்கின்றன. சில ஓபைன்கள், பிளாஸ்மிட் இன்னொரு செல்லுக்குத் தாவுவதையும் தூண்டிவிடுகின்றன. ஆக, அடிப்படை மரபணுக்களை வைத்து பாக்டீரியாவின் குடும்ப மரத்தை வரைந்துவிட்டு, நோய் மரபணுக்களும் அதே கிளைகளில் இறங்கி வந்திருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டுக்கும் வரலாறு வேறு வேறு.

இதைவிடப் பரவலான தவறு ஒன்று உண்டு: அதிக மரபணு சேர்ந்தால் அதிக வீரியம் என்ற கணக்கு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சூடோமோனாஸ் சிரிஞ்சே போன்ற பாக்டீரியாக்கள் ஊசி போன்ற ஒரு குழாய் வழியாகச் செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துகின்றன. எஃபெக்டர் எனப்படும் இந்தப் புரதங்களின் வேலை செடியின் பாதுகாப்பை முடக்குவது. ஆனால் செடியிடம் ஒரு குறிப்பிட்ட எஃபெக்டரை அடையாளம் காணும் எதிர்ப்பு மரபணு இருந்தால், அதே புரதம் பாக்டீரியாவைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிந்து தொற்றை அங்கேயே நிறுத்திவிடும். அதாவது ஒரே மரபணு ஒரு ரகத்தில் ஆயுதமாகவும் இன்னொரு ரகத்தில் ஆபத்தாகவும் அமைகிறது. இது நல்ல மரபணுவா கெட்ட மரபணுவா என்று செடியை விட்டுவிட்டுக் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை.

பீன்ஸ் செடியில் நடந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. எதிர்ப்புள்ள ரகத்தின் இலைகளில் ஒரு சூடோமோனாஸ் திரிபை (ஒரே இனத்துக்குள் சற்று வேறுபட்ட வகையை) திரும்பத் திரும்பச் செலுத்தி எடுத்தார்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு, முன்பு தோற்ற அந்தத் திரிபிலிருந்து நோய் உண்டாக்கும் செல்கள் கிடைத்தன. அவை புதிதாக எதையும் பெறவில்லை. காட்டிக்கொடுத்த எஃபெக்டர் மரபணு இருந்த, சுமார் 1,06,000 எழுத்து நீளத் தீவு ஒன்றை, அதாவது மொத்தமாகக் கைமாறக்கூடிய ஒரு டி.என்.ஏ. துண்டை, இழந்திருந்தன. 2005இல் வெளியான முடிவு இது. அப்புறம் 2009இல், அந்தத் தீவை இலைக்குள்ளேயே பக்கத்து பாக்டீரியாக்கள் உறிஞ்சிக்கொள்ள முடியும் என்பதும் தெரியவந்தது. ஒன்று இழந்ததை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது.

மரபணு வரிசையில் ஊசிக் குழாயின் மரபணுக்கள் தெரிந்ததுமே "நோய்க்கிருமி" என்று முத்திரை குத்துவதும் தவறு. வேரில் முடிச்சிட்டுச் செடிக்கு நைட்ரஜன் தரும் ரைசோபியங்கள் சிலவற்றிலும் அந்தக் குழாய் உண்டு.

எல்லாமே வெளியிலிருந்து வந்தவை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். நெல்லில் இலைக்கருகல் உண்டாக்கும் சாந்தோமோனாஸின் டால் எஃபெக்டர்கள், பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்ட புரதங்கள். ஒவ்வொரு துண்டிலும் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள், செடியின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. 2009இல் அவிழ்ந்த குறியீடு இது. துண்டுகள் தமக்குள் இடம் மாறினாலே புதிய இலக்கு கிடைத்துவிடும், வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த எஃபெக்டர்களில் சில, செடியின் செல்லிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட் எனப்படும் செடி மரபணுக்களை இயக்கிவிடுகின்றன. எக்ஸ்.ஏ.13 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள நெல்லில் ஸ்வீட்-11க்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் மாறியிருப்பதால், பழைய எஃபெக்டரால் அங்கே ஒட்ட முடியாது. சரி, நோய் நின்றுவிட்டது என்று நினைத்தால் அதுவும் தவறுதான். ஸ்வீட்-14ஐத் திறக்கும் வேறொரு எஃபெக்டரை வைத்திருக்கும் திரிபுகளை அந்த எதிர்ப்பால் தடுக்க முடிவதில்லை.