தரைக்குக் கீழே போகும் காசு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை எடுத்துக் கட்ட என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலர் கையில் ஒரு தாளோடுதான் வாசலுக்கு வருவார்கள். நீளம், அகலம், பெருக்கினால் இத்தனை சதுர மீட்டர், மீட்டருக்கு இத்தனை ராண்ட், மொத்தம் இவ்வளவு. ஒருகாலத்தில் என்னிடமும் அப்படி ஒரு தாள் இருந்தது. என் பாட்டியான ஆயாவுக்கு அறை கட்ட நான் போட்ட முதல் கணக்கு அது. சிமெண்டை ஈரத்தில் வைப்பது, பெயிண்டைக் குறைத்து வாங்குவது போன்ற தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றின் விலை ஒரு மூட்டை, ஒரு டின், அவ்வளவுதான்.

சதுர மீட்டர் கணக்கு

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். சதுர மீட்டர் விலை சமதரைக்குச் சொல்வது. சாட்ஸ்வொர்த்தோ மேடும் பள்ளமுமான ஊர். 1960களில் நிறவெறி அரசு டர்பன் இந்தியர்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றியபோது, வீடு நிற்கும் அளவுக்கு மட்டும் சரிவைச் செதுக்கினார்கள். பின்வளவு பல இடங்களில் இன்றும் சரிவாகவே கிடக்கிறது.

போன மாதம் ஒரு தம்பி 6 மீட்டருக்கு 4 மீட்டரில் அறை கேட்டான். மட்டக்குழாயில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைச் சமையலறைப் படியிலும் மறுமுனையை வேலியோரக் கம்பிலும் பிடித்துப் பார்த்தோம். 4 மீட்டருக்குள் தரை 1.4 மீட்டர் இறங்குகிறது. ஒரு பக்கம் பழைய வீட்டுச் சுவர் இருப்பதால் மேலே புதிதாக எழுப்ப வேண்டியது மூன்று சுவர்தான்: 14 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம், ஏறக்குறைய 36 சதுர மீட்டர். அறையின் தரைமட்டத்தை எட்டும்வரை கீழே எழுப்ப வேண்டிய அடிச்சுவர் இன்னும் 14 சதுர மீட்டர். மண்ணைத் தாங்க அதை இரட்டைக் கனத்தில் கட்ட வேண்டும். ஆக, செங்கல் கணக்கில் அது 28. அஸ்திவாரம் தனி. உள்ளே கொட்டி நிரப்ப, திமிசு போட்டு இடித்து இறுக்கிய பிறகும் 17 கன மீட்டர் மண் நிற்க வேண்டும். தம்பியின் தாளில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஆயாவின் அறைக்கு நான் உடைந்த செங்கல், பழைய பூச்சுக்காரை, தோட்டத்து மண் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி, மேலே காங்கிரீட் போட்டுவிட்டேன். மண்ணைச் சாண் உயரத்துக்கு ஒருமுறை நனைத்து இடிக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். இடிக்கும் இயந்திரத்தின் வாடகையை மிச்சம் பிடித்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஆயாதான் முதலில் கண்டுபிடித்தார். சாமி மாடத்து விளக்கைக் காட்டி, "ஏம்ப்பா, எண்ணெய் ஒரு பக்கமாகவே நிற்கிறது?" என்றார். திரியை மாற்றினேன், விளக்கைத் திருப்பி வைத்தேன். பிறகுதான் சுவரோரம் பார்த்தேன். பழைய வீடும் புது அறையும் சேரும் இடத்தில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பிளவு. தரையை உடைத்து, மண்ணை அள்ளி, மறுபடி நிரப்பிய செலவு முதலில் கட்டிய செலவை எட்டிப்பிடித்தது. ஆயா அதுவரை வரவேற்பறை சோபாவில் படுத்தார்.

டர்பனை உலுக்கிய 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகாவது மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவருக்குப் பொறியாளர் எதற்கு என்று கேட்பவர்கள் குறைவார்கள் என்று நினைத்தேன். குறையவில்லை.

வரைபடம்

நீட்டிக் கட்டுவதற்கும் நகராட்சி அனுமதி வேண்டும். 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருத்தச் சொல்லித் திருப்பினால் வரைகிறவருக்கு மறுபடி கூலி. கிடைத்த அனுமதியும் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் காலாவதியாகிவிடும். பணம் சேரும் முன்பே அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வாட்

மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. சொன்ன விலைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள்.

டிசம்பர்

மாத நடுவில் விடுமுறைக்குக் கடையை மூடி ஆளும் போனால் ஜனவரியில்தான் வருவார்கள். கூரையைத் திறந்து போடாதீர்கள்.

பழைய கூரை

ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் மச்சானை ஏற்றிக் கழற்றச் சொல்ல முடியாது. 2020 விதிகளின்படி அதை அகற்றப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். புதுக்கூரையைப் பழையதோடு இணைக்கும் செலவைத் தனி வரியாக எழுதுங்கள்.

புல்லுக்குள் மூடி

பின்வளவுப் புல்லில் காங்கிரீட் மூடி தட்டுப்பட்டால் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிடுங்கள். அதன் அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் உங்கள் வீட்டுடையதா, தெரு முழுவதற்கும் போவதா என்று நகராட்சி வரைபடத்தில் பார்த்த பிறகு அறையின் நீளத்தைப் பேசலாம்.