ஜெர்மனியில் தபால் வராமல் போனதும், அதைச் சரிசெய்ததும்

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்கள் பிளாக்டு அக்கவுண்டில் (செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போடுவது, விசா, இன்சூரன்ஸ் எல்லாம் ஊரிலேயே நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் தபால்பெட்டியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

லைப்சிக்கில் மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் எனக்கு ஒரு அறை கிடைத்தது. குடியேறிய 2 வாரத்துக்குள் 'அன்மெல்டுங்' என்கிற முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட சான்று கட்டாயம். அதெல்லாம் சரியாக முடிந்தது. ஆனால் பேங்க் கார்டும் வரவில்லை, வரி எண் கடிதமும் வரவில்லை.

காரணம் கீழ்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இங்கே பெரும்பாலும் கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

அன்றைக்கே பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப்பெயரை பிரிண்ட் எடுத்து, மழையில் மை கரையாமல் மேலே செலோ டேப் ஒட்டி, தபால்பெட்டியிலும் காலிங் பெல்லிலும் வைத்தேன். பேங்கிடம் கார்டை மறுபடி அனுப்பச் சொன்னேன். வரி எண்ணை போனில் சொல்லமாட்டார்கள், மத்திய வரி அலுவலக இணையதளத்தில் படிவம் நிரப்பினால் திரும்பவும் தபாலில்தான் வரும். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், அந்த எண் இல்லாவிட்டால் 'ஆறாம் வரி வகுப்பு' என்கிற பிரிவில் வைத்து வரியை அதிகமாகப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம், உள்வாடகைக்கு இருந்து பெயர் ஒட்ட அனுமதி கிடைக்கவில்லையா, முகவரியில் 'சி/ஓ' போட்டு பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை எழுதுங்கள், வந்துவிடும்.