கிளச்சைக் கழற்ற முன் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் ஊர்ந்து கோட்டைக்குப் போவதற்குள் கிளச்சை எத்தனை தரம் பிடித்து விடுகிறோம்! லிவர் கைப்பிடி வரை தொய்கிறதா, நியூட்ரல் விழ மறுக்கிறதா, கிளச்சைப் பிடித்தும் பைக் முன்னே இழுக்கிறதா? ‘பிளேட் போச்சு’ என்று முடிவு கட்டாதீர்கள். ஹைட்ராலிக் கிளச் (கேபிளுக்குப் பதில் ஒயில் அழுத்தத்தில் இயங்குவது) என்றால் முதல் சந்தேகம் ஒயிலில் புகுந்த காற்றுதான்.

முதலில் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள். இந்தக் கிளச்சில் பெரும்பாலும் ஓடுவது பிரேக் ஒயில், அது பெயின்டைத் தின்னும். என் டேங்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

கிளச் லிவர் பக்கத்து ஒயில் கிண்ணம் மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்புங்கள். மூடி ஸ்குரூ கடற்காற்றில் இறுகியிருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அழுத்தித் திருப்புங்கள். தலை தேய்ந்தால் அரை நாள் போச்சு.

உள்ளே பிளேன் டீ நிறமா? மாற்ற வேண்டியதுதான். மூடியில் டொட் 4 (பிரேக் ஒயிலில் ஒரு வகை) என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். சில பைக்குகளுக்கு மினரல் ஒயில். மாறி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெடும். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சீல் உடைக்காத சின்னப் போத்தலாகவே வாங்குங்கள். டொட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கொழும்பில் ஈரத்துக்கா பஞ்சம்!

இப்போது லிவரை மெதுவாக, மிக மெதுவாகப் பிடியுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசித்துளையில் சின்னச் சுழிப்பு தெரியும். சில நேரம் குமிழியும் வரும். அசைவே இல்லையென்றால் துளை அடைத்திருக்கலாம். சூடேறியதும் கிளச் வழுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விடுங்கள். கீழே இஞ்சின் பக்கத்துக் கிளச் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் (பெரும்பாலும் 8 மி.மீ. ஸ்பானர்) மீன்தொட்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். லிவரை நாலு தரம் அடித்துப் பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். லிவர் விழும். நிப்பிளை மூடிய பிறகே லிவரை விடவேண்டும். முறை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். கிண்ணம் வற்றக்கூடாது.

பிறகும் தொய்வா? லிவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். எனக்குப் பலமுறை கைகொடுத்த வைத்தியம்.

கடைசியில் கிண்ணத்தின் மேல் அளவுக்கோட்டைத் தாண்டி நிரப்ப வேண்டாம். பிளேட் தேயத் தேய, பிரேக்குக்கு நேர்மாறாக, இங்கே மட்டம் உயரும். உயராமல் குறைந்துகொண்டே போனால் கீழ் சிலிண்டரைத் தடவிப் பாருங்கள். கசிவு பட்டால் சீல் போய்விட்டது, கராஜுக்குத்தான் போகவேண்டும்.