பில்டு கோப்புறையை அழிக்கும் முன்: யோக்டோ தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரில் எம்பெடட் (சாதனங்களுக்குள் இயங்கும் கணினி) வேலைக்கு முயலும் மாணவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் மடிக்கணினியோடு கிருஷ்ணகிரியில் உள்ள என் வீட்டுக்கு வருகிறார்கள். மூலநிரலிலிருந்து நமக்கேற்ற லினக்ஸை உருவாக்கித் தரும் யோக்டோ என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு, ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கு லினக்ஸ் உருவாக்குவதுதான் முதல் பயிற்சி. அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் நிரலில் அல்ல, அதற்கு முந்தைய ஏற்பாட்டில்.

பர்கூரிலிருந்து வந்த தம்பி ஒருவர், பிழை தீரவில்லை என்று, லினக்ஸ் உருவாகும் பில்டு கோப்புறையையே அழித்துவிட்டார். இரண்டு இரவு விழித்திருந்து கைப்பேசி இணையத்தில் இறக்கிய மூலநிரல்கள் எல்லாம் அதோடு போயின. நாம் வேறு இடம் சொல்லாவிட்டால், பதிவிறக்கங்களையும், முடிந்த வேலைகளின் சேமிப்பான ‘எஸ்ஸ்டேட்’டையும் யோக்டோ பில்டு கோப்புறைக்குள்ளேயே வைக்கும். லோக்கல்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இரண்டே வரி எழுதி இவ்விரண்டையும் வெளியே வைத்துவிடுங்கள். பிறகு பில்டை எத்தனை முறை அழித்தாலும் இறக்கியது பத்திரமாக இருக்கும். முடிந்த பகுதிகளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. யார் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது நினைவகம். எட்டு கோர் கணினியில், யோக்டோவின் பில்டை நடத்தும் நிரலான பிட்பேக் இயல்பாக எட்டு வேலைகளை ஒன்றாகத் தொடங்கும். ஒவ்வொரு வேலையும் தன் பங்குக்கு எட்டு கம்பைலர்களை ஓட்டலாம். ஆக 64. 8 ஜிபி ரேம் இதைத் தாங்காது. சி++ நிரல்கள் வரும் கட்டத்தில் கம்பைலர் பாதியில் கொல்லப்படும். நிரலில் பிழை தேடி நாளை வீணாக்காமல், இரண்டு எண்ணையும் நான்காகக் குறையுங்கள்.

லேயர்கள் (யோக்டோவில் சேர்க்கும் உருவாக்கக் குறிப்புகளின் தொகுப்புகள்) அனைத்தும் ஒரே வெளியீட்டுக் கிளையில் இருக்க வேண்டும். அடிப்படை யோக்டோ ‘ஸ்கார்த்கேப்’ என்ற வெளியீடு என்றால் ராஸ்ப்பெரி பை லேயரும் ஸ்கார்த்கேப்தான். பொருந்தாவிட்டால் பிட்பேக் தொடக்கத்திலேயே சொல்லி நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை மறைக்க லேயர்.கான்ஃப் கோப்பைத் திருத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பிழை ஒளிந்துகொண்டு பிறகு வேறு உருவில் வரும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துவோர் சி டிரைவில் பில்டு செய்யாதீர்கள். லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் செய்யுங்கள். கோப்புகளை, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை போட்டு இறக்காதீர்கள். வட்டில் 100 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கட்டும்.

இணையம் மெதுவான ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிட்பேக் கட்டளையோடு ‘ரன்ஆல் ஃபெட்ச்’ தெரிவைச் சேர்த்தால் மூலநிரல்களை மட்டும் முழுதாக இறக்கித் தரும். பர்கூர் தம்பி இரண்டாம் முறை என் வீட்டு இணையத்தில் இப்படி இறக்கிக்கொண்டு போனார். கம்பைல் முழுவதும் அவர் வீட்டில், இணையமே இல்லாமல் முடிந்தது.