பேஸ் அடித்ததும் ஆம்ப் ஆஃப் ஆகிறதா? கழற்றிக் கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்

என் பழைய கார் டிக்கியில் ஒரு 12 இன்ச் சப்வூஃபரும் அதற்கு ஒரு மோனோ ஆம்ப்பும் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்) இருந்தன. மெதுவாகப் பாட்டு ஓடும்வரை சமத்தாக இருக்கும். சவுண்டை ஏற்றி, பறை இறங்கும் இடம் வந்தால் ஒரு அடி, இரண்டாவது அடி, அவ்வளவுதான், சிவப்பு விளக்கு எரிந்து சப் வாயை மூடிக்கொள்ளும். "ஆம்ப் போச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்றார்கள் மாட்டிக்கொடுத்த கடையில். ஆம்ப் போகவே இல்லை. ஒரு போல்ட்டுக்கு அடியில் இருந்த பெயின்ட்தான் காரணம். அதைப் பிடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

படி 1: எப்போது ஆஃப் ஆகிறது?

இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பேஸ் அடிக்கும் நொடியில் என்றால் பெரும்பாலும் கரன்ட் போதவில்லை, அல்லது ஓம் கணக்கு (சப்பின் மின்தடை ஆம்ப்புக்கு ஏற்றதா என்பது, படி 4) தப்பு. அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு, தொட முடியாத சூட்டில் நின்று, ஆறியதும் தானாக வந்தால் அது சூடு. சாவி போட்டதுமே சிவப்பு விளக்கு என்றால் ஷார்ட், இல்லை ஆம்ப்பின் உள்ளே கோளாறு.

படி 2: பிரித்துப் பாருங்கள்

ஸ்டீரியோவை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னல் வரும் வயர்) இரண்டையும் ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். பவர், எர்த் (கார் பாடியில் மாட்டும் மைனஸ் வயர்), ரிமோட் (ஸ்டீரியோ ஆம்ப்பை ஆன் செய்யும் மெல்லிய வயர்) மூன்று மட்டும் இருக்கட்டும். இப்போது ஆன் செய்தும் சிவப்பு எரிந்தால், படி 3-இல் வோல்ட் சரியாக இருக்கும்பட்சத்தில், ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டியதுதான். எரியவில்லையா? ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எதை மாட்டும்போது எரிகிறதோ அங்கேதான் சிக்கல்.

படி 3: வோல்ட் எங்கே தொலைகிறது?

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். என்ஜினை ஓட விட்டு பேட்டரியில் பாருங்கள், 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அப்புறம் முன் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஐந்தாறு நொடி மட்டும் ஓட விடச் சொல்லுங்கள் (பாட்டில் அடி விழுந்து எழும் வேகத்துக்கு மீட்டர் ஈடுகொடுக்காது). அந்த நேரத்தில் ஆம்ப்பின் பவர் ஸ்க்ரூவுக்கும் எர்த் ஸ்க்ரூவுக்கும் இடையே எவ்வளவு? 12.5-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 11-க்குக் கீழே ஓடினால் ஆம்ப் நிற்பதில் ஆச்சரியமே இல்லை.

பேட்டரியிலேயே அப்படி இறங்கினால் பேட்டரியையும் ஆல்டர்நேட்டரையும் பாருங்கள். அங்கே நன்றாக இருந்து டிக்கியில் மட்டும் இறங்கினால், நீளமாக ஒரு வயரை இழுத்து, டோன் ஓடும்போதே பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பவர் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஒரு தடவை, பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் காரில் பவர் பக்கம் 0.4, எர்த் பக்கம் 1.8!

நான் முதல் இரண்டு ஞாயிறு ஏமாந்தது எங்கே தெரியுமா, எர்த்தை ஓமில் அளந்தேன். 0.3 காட்டியது, மீட்டர் வயருக்கே அவ்வளவு வரும் என்று விட்டுவிட்டேன். ஆனால் 40 ஆம்பியர் ஓடும் வயரில் 0.05 ஓம் இருந்தாலே 2 வோல்ட் காலி, அந்த 0.05 சாதாரண மீட்டரில் தெரியவே தெரியாது. அதனால் எர்த்தை ஓமில் அளக்காதீர்கள், கரன்ட் ஓடும்போது வோல்ட்டில் அளங்கள்.

சரிசெய்வது சுலபம். பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு எர்த் போல்ட்டை எடுங்கள். கீழே பாடி பெயின்ட் பளபளவென்று இருந்தால் உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, லக்கை (வயர் முனையில் உள்ள வளையம்) இறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள், என் கடைக்காரர் அங்கேதான் கொடுத்திருந்தார்.

பவர் பக்கம்தான் நஷ்டம் என்றால் வயரின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பு அளவுக்கு அது கரன்டைக் கடத்தாது. 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) ஆம்ப்புக்கு 4 கேஜ், அதாவது சுமார் 21 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் நிம்மதி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் கட்டாயம்.

படி 4: ஓம் கணக்கு

சப்பில் இரண்டு 4 ஓம் காயில் இருந்தால் பேரலலில் 2, சீரிஸில் 8. அப்படி இரண்டு சப்பை மொத்தமாகப் பேரலலில் போட்டால் 1 ஓம். ஆம்ப் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால் அது நிற்கத்தான் செய்யும். பல இரண்டு சேனல் ஆம்ப்களில் பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாகக் கொடுத்தால்) குறைந்தது 4 ஓம் வேண்டும், மேனுவலைப் பாருங்கள். வயரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் 4 ஓம் காயில் மூன்றரைப் பக்கம் காட்டும், அது சரிதான்.

படி 5: சூடும் கெயினும்

கார்பெட்டுக்கு அடியில் ஆம்ப்பைப் புதைத்திருந்தால் வெளியே எடுங்கள். கெயின் என்பது வால்யூம் இல்லை, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. முழுக்கத் திருகினால் சவுண்டு கிழியும், சூடுதான் கூடும். பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் நிறுத்தி, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, சத்தம் கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிடுங்கள்.